ஐந்து ஊசி போட்டும் சினை நிற்கவில்லை, மாட்டை விற்றுவிடவா?

வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கடன் எடுத்து வாங்கிய ஜேர்சிக் கலப்பு மாடு ஒன்று அவரிடம் இருக்கிறது. இந்த ஆண்டு ஜனவரி 20 ஆம் திகதி மூன்றாவது கன்றைப் போட்டது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, அன்று முழுக்க விழவில்லை. மறுநாள் காலை அயலில் ஒருவர் கையை விட்டு இழுத்து எடுத்திருக்கிறார். நாளுக்கு 9 லீற்றர் வரை கறந்த மாடு இப்போது 4 லீற்றருக்கு இறங்கிவிட்டது. ஏப்ரல் 6, ஏப்ரல் 27, ஜூன் 2, ஜூன் 12, ஜூலை 4 என்று ஐந்து தடவை சினை ஊசி (விந்தைக் கருவியால் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) போட்டும் நிற்கவில்லை. ஜூலை 23 இல் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியபோது காசும் இல்லை, மனமும் இல்லை என்று பேசாமல் விட்டுவிட்டார்.

“ஊசி போட்டுப் போட்டே கர்ப்பப்பை சூடேறிக் கெட்டுப்போச்சு, இனி இது மலட்டு மாடுதான்” என்கிறார்கள் அயலவர்கள். ஒருவர் நாம்பனுக்கு, அதாவது காளைக்கு, விடச் சொல்கிறார். இன்னொருவர் ஹோர்மோன் ஊசி ஒரு கோர்ஸ் போட்டால் சரிவரும் என்று விலையும் சொல்லிவிட்டார். இறைச்சிக்கு விலை பேசிவிட்டு ஒரு வியாபாரி போயிருக்கிறார். பெண் கன்று மட்டும் தரும் விந்து, யூடியூபில் பார்த்த சோதனைக்குழாய்க் கன்று, இவற்றைப் பற்றியும் வாசகி கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “பிள்ளை மாதிரி வளர்த்த மாடு. இறைச்சிக்குக் கொடுக்க மனம் வரேல்லை, வச்சிருக்கவும் வழியில்லை.”

தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடு மலடு என்று சொல்வதற்கு இந்தக் கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. வியாபாரிக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களே எழுதிய திகதிகளை வைத்து விளக்குகிறேன். பலர் “போன மாதம் போட்டது, அதுக்கு முந்தியும் போட்டது” என்றுதான் சொல்வார்கள். நீங்கள் ஒவ்வொரு திகதியையும், அன்று கண்டதையும் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு பரிசோதனை அறிக்கை கிடைத்த மாதிரி.

உங்கள் திகதிகள் சொல்வது

மாடு சராசரியாக 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு, அதாவது சினைப்பிடிக்கும் நிலைக்கு, வரும். 18 முதல் 24 நாள் வரை வித்தியாசம் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கொப்பியைப் பார்ப்போம்.

ஏப்ரல் 6 ஆம் திகதி காலையில் கத்தியது, பின்னேரம் ஊசி போட்டார்கள். கன்று போட்டு இரண்டரை மாதம் ஆகிவிட்டது. நேரமும் சரி, காலமும் சரி. ஆனால் எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு ஊசிக்குச் சினை நிற்பது இரண்டு மாட்டில் ஒன்றுக்குத்தான். எங்கள் வெயிலிலும் தீன் தட்டுப்பாட்டிலும் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். ஆகவே முதல் ஊசி தவறியதில் புதினம் எதுவும் இல்லை. சரியாக 21 நாள் கழித்து, ஏப்ரல் 27 இல் மறுபடி கத்தியிருக்கிறது. மாட்டின் சுழற்சி ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஏப்ரல் 27 ஊசியும் காலையில் கண்டு பின்னேரம் போட்டதுதான். அதற்குப் பிறகு, “மே மாதம் முழுக்க மாடு கத்தவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். மே 18 அளவில் அது பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். இரவில் வந்து நீங்கள் காணாமல் விட்டிருக்கலாம். அல்லது மாடு சினைப்பட்டிருக்கலாம்.

அடுத்து ஜூன் 2. அதற்கு முதல் நாள்தான் நாம்பன் கன்றை விற்றீர்கள். மறுநாள் மாடு விடாமல் கத்தியது, தீன் தின்னவில்லை, கயிற்றை இழுத்தது. ஊசி போடுபவரைக் கூப்பிட்டீர்கள். வால், பிறப்புறுப்பு, வழுவழுப்பு எதையும் அன்று நீங்கள் குறிக்கவில்லை. மாடு கன்றைத் தேடித்தான் கத்தியது என்று நினைக்கிறேன். ஏப்ரல் 27 இலிருந்து ஜூன் 2 வரை 36 நாள், அது எந்தச் சுழற்சிக்குள்ளும் அடங்காது. பத்தே நாளில், ஜூன் 12 இல் மாடு உண்மையாகவே பருவத்துக்கு வந்திருக்கிறது. 12 ஆம் திகதி உண்மை என்பதற்கு, அதிலிருந்து மூன்று கிழமை கழித்து அடுத்த பருவம் வந்ததே போதும். இரண்டு பருவம் பத்து நாள் இடைவெளியில் வராது. ஆகவே ஜூன் 2 பருவம் அல்ல.

இனிச் சொல்லப்போவதைக் கேட்க மனம் நோகும். ஏப்ரல் 27 இல் சினைப்பட்டிருந்தால், ஜூன் 2 இல் கர்ப்பப்பைக் கழுத்தைத் தாண்டிப் போன, விந்து செலுத்தும் கம்பியே கருவைக் கலைத்திருக்கக்கூடும். அப்படித்தான் நடந்தது என்று இன்றைக்கு எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மே மாதப் பருவம் கண்ணில் படாமல் போயிருக்கவும் சம அளவு வாய்ப்பு உண்டு. உங்கள் மேல் குற்றம் சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. மாடு கத்தினால் ஊசி என்று ஊர் முழுக்கப் பழகியிருக்கிறது. பருவ அடையாளம் இருக்கிறதா, முன்பு போட்ட ஊசி எப்போது என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போட வந்தவர் கருவியை எடுத்திருக்க வேண்டும்.

ஜூன் 12 இல் பருவமும் சரி, நேரமும் சரி. ஆனால் ஊசி போட வந்தவர் ‘ஸ்ட்ரோ’ என்று சொல்லும் விந்துக் குழலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் பக்கத்து வளவு மாட்டைப் பார்த்தார், அப்புறம்தான் உங்களிடம் வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். குண்டசாலையில் உள்ள மத்திய செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையத்தில் உறையவைத்த விந்து, யாழ்ப்பாணத்து மாட்டுக்குப் போடும் நிமிடம் வரை திரவ நைதரசனில் மறை 196 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். எடுத்ததும் 35 முதல் 37 பாகை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் அளவில் உருக்கி, துடைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மாட்டுக்குள் போய்விட வேண்டும். ஜூன் மாத வெயிலில் சட்டைப் பையில் கிடந்த குழலில் உயிரணு எத்தனை உயிரோடு இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கடைசியாக ஜூலை 4. காலையில் வாலில் இரத்தம் கண்டு, அதைப் பருவம் என்று நினைத்துப் பின்னேரம் ஊசி போட்டிருக்கிறீர்கள். அந்த இரத்தம் பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வருவது. கர்ப்பப்பை உட்சுவரின் சிறு குழாய்கள் கசிவதால் வருகிறது. சினை நின்றது என்றும் அர்த்தமில்லை, நிற்கவில்லை என்றும் அர்த்தமில்லை. பருவம் போய்விட்டது என்பது மட்டும்தான் அதன் செய்தி. ஜூன் 12 உடன் 20 அல்லது 21 நாளைக் கூட்டினால் ஜூலை 2, 3 வரும். நீங்கள் ஊசி போட்டபோது முட்டையின் ஆயுள் முடிந்திருக்கும்.

ஆக, ஐந்து ஊசியில் ஒழுங்காகப் போட்டது இரண்டுதான். அதில் ஒன்று நின்றிருக்கவும் கூடும். மூன்று தடவையோ அதற்கு மேலோ சரியான நேரத்தில் போட்டும் நிற்காத மாட்டைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாடு என்று தனியாக வைத்துப் பார்ப்போம். உங்கள் மாடு அந்த வரிசைக்கு இன்னும் வரவில்லை.

ஊசியால் கர்ப்பப்பை சூடேறாது. ஆனால் பருவம் இல்லாத நாளில், சுத்தம் பார்க்காமல் கருவியை உள்ளே விட்டால் கிருமி போகும். அயலவர்கள் சொன்னதில் இவ்வளவுதான் உண்மை.

பருவத்தைக் கண்டுபிடிப்பது

வளவில் ஒற்றை மாடாகக் கட்டி வளர்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். பட்டியில் நிற்கும் மாடு பருவத்துக்கு வந்தால் மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நின்று கொடுக்கும், தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் மாட்டின் மேல் ஏற யாரும் இல்லை. போதாததற்கு எங்கள் வெப்பத்தில் பருவ நேரமே குறுகிவிடும், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதிலும் பாதிக்கு மேல் இரவில்தான்.

அதனால் படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடிய ஐந்து மணிக்குக் கறக்கப் போகும்போது ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை மாட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கத்துவதை மட்டும் நம்ப வேண்டாம். பிறப்புறுப்பு தடித்து உட்பக்கம் சிவந்திருக்கிறதா? கண்ணாடி போன்ற வழுவழுப்பு நூலாகத் தொங்குகிறதா, வாலில் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? அடிக்கடி சிறுநீர் விடுகிறதா? பால் திடீரென்று ஒரு லீற்றர் குறைந்ததா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் அது பருவம். ஐயம் என்றால் அயல் வீட்டு மாட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுப் பாருங்கள். அசையாமல் நின்றால் பருவம்தான்.

நேரம் இப்படி: காலையில் கண்டால் பின்னேரம் ஊசி, பின்னேரமோ இரவோ கண்டால் மறுநாள் காலை ஊசி. பருவம் முடிந்து பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் முட்டை வெளியேறும், அது உயிரோடு இருப்பது சில மணித்தியாலம். விந்து அதற்கு முன்பே உள்ளே போய்த் தயாராக நிற்க வேண்டும். பருவத்தைக் கண்டவுடனேயே ஊசி போட வருபவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்று சொல்லி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அன்று வர முடியாது என்றால் வேறொருவரைக் கேளுங்கள். ஒரு நாள் பிந்தி வந்து போடுவதைவிட, அந்தப் பருவத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது மேல்.

வந்தவரிடம் குழலில் அச்சடித்திருக்கும் நாம்பன் இலக்கத்தையும் இனத்தையும் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தகப்பன் யார் என்று தெரியாவிட்டால் நாளைக்கு மகளுக்கும் அதே நாம்பனின் விந்தைப் போட்டுவிடுவார்கள். உங்கள் கண் முன்னால் பிளாஸ்கிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான நீரில் உருக்கச் சொல்வதிலும் தவறில்லை. நல்ல தொழில்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

இளங்கொடி

என்னைக் கொஞ்சம் யோசிக்க வைப்பது இதுதான். பருவத்தில் வரும் வழுவழுப்பில் “சின்ன வெள்ளைத் துகள் மாதிரி” கண்டதாக ஜூன் 12 குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது தெளிவாக இருக்க வேண்டும். துகள் என்றால் சீழாக இருக்கலாம். இளங்கொடியைக் கையால் இழுத்து எடுத்த மாட்டில் கர்ப்பப்பையின் உட்புறத்தில் இலேசான அழற்சி மாதக்கணக்கில் தங்கிவிடுவது உண்டு. மாடு நன்றாகத் தின்னும், காய்ச்சல் இருக்காது, பருவமும் ஒழுங்காக வரும். கரு மட்டும் தங்காது.

இளங்கொடி வழக்கமாகக் கன்று போட்டு 12 மணித்தியாலத்துக்குள் விழும். விழவில்லை என்றால் இழுக்கக் கூடாது, பாரம் கட்டித் தொங்கவிடவும் கூடாது. உள்ளே பொத்தான் போலப் பொருந்தியிருக்கும் இடங்கள் கிழிந்து, அந்தக் காயத்தில் கிருமி குடியேறும். மாடு தீன் தின்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, கெட்ட மணம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். அயலவர் நல்ல மனதோடுதான் உதவினார். அடுத்த கன்றுக்கு அந்த உதவியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மகள் பிள்ளைத்தாச்சியாக வீட்டில் இருக்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். இளங்கொடி, கலைந்த கன்று, மாட்டின் கழிவு நீர் எதையும் அவ கையால் தொடக் கூடாது. புரூசெல்லா என்ற கிருமி மாட்டில் கருச்சிதைவை உண்டாக்கும், மனிதருக்கும் தொற்றும். உங்கள் மாட்டுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை, கடிதத்தில் அதற்கான அறிகுறியும் இல்லை. ஆனாலும் பாலை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கடும்பு காய்ச்சினாலும் அப்படித்தான். வைத்தியர் வரும்போது புரூசெல்லாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

தீன், தண்ணீர், நிழல்

நீங்கள் கொடுப்பதாக எழுதியிருப்பது வைக்கோல், பனையோலை, தோட்டத்து வரம்பில் மேய்ச்சல், ஒரு கிலோ தவிடு, ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்கு. இதில் 9 லீற்றர் கறந்தது என்றால் அந்த மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் உங்களுக்குப் பால் தந்திருக்கிறது. விலா எலும்பு எண்ணலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கன்று போட்ட மாட்டுக்கு முதலில் தன் உயிர், அப்புறம் பால், கடைசியில்தான் அடுத்த சினை. மெலிந்துகொண்டே போகும் மாட்டில் முட்டை முற்றுவதும் குறையும், உண்டான கரு தங்குவதும் குறையும்.

பொதுக் கணக்கு இது: மாட்டின் உடம்புக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ அடர்தீன் (தவிடு, புண்ணாக்கு போன்றவை), அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டு இரண்டரை லீற்றர் பாலுக்கும் ஒரு கிலோ. இப்போது 4 லீற்றர் கறப்பதால் மூன்று கிலோ அளவு போதும். ஒரேயடியாகக் கூட்டாமல் இரண்டு கிழமை எடுத்து மெல்லக் கூட்டுங்கள். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறையும். தாதுக் கலவை நாளுக்கு 50, 60 கிராம், கூடவே கொஞ்சம் உப்பு. இந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம், ஒரு வீண் ஊசியைத் தவிர்த்தாலே அந்தக் காசு வந்துவிடும்.

பச்சைக்கு வேலியையே பாருங்கள். கிளிசரியா, பூவரசு, முருக்கங் குழை எல்லாம் புரதம் உள்ளவை. கிளிசரியாவை வெட்டி ஒரு இரவு வாட விட்டால் மாடு விரும்பித் தின்னும். இப்பில் இப்பில் மரக் குழையும் நல்லதுதான், ஆனால் அதில் மைமோசின் என்ற நஞ்சு இருப்பதால் மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விட வேண்டாம். ஒரு பரப்புக் காணி மிச்சமிருந்தால் சிஓ-3 புல் நடுங்கள், கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கமாக நட்டால் கோடையிலும் பச்சை இருக்கும்.

தண்ணீர் காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி என்பது காணாது. கறக்கும் கலப்பு மாட்டுக்கு வெயில் நாளில் 50 லீற்றருக்கு மேல் வேண்டும். எந்த நேரமும் தொட்டியில் நிற்க வேண்டும். கொட்டில் தகரம் என்றால் மேலே கிடுகோ பனையோலையோ பரப்புங்கள். கரு உண்டான முதல் சில நாளில்தான் வெப்பம் அதைக் கொல்லும். ஊசி போட்ட அன்றிலிருந்து ஒரு கிழமை நடு மத்தியானத்தில் மாட்டை வெட்டையில் கட்ட வேண்டாம், நிழலில் கட்டி மேலே தண்ணீர் ஊற்றுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு மனம் தளரக் கூடாது. இன்று தீனைக் கூட்டினால் நாளைக்குப் பலன் தெரியாது. இந்தப் பருவத்தில் வெளியேறும் முட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே வளரத் தொடங்கியது. குறைந்தது ஆறு எட்டுக் கிழமை கொடுங்கள்.

நாம்பனா, ஹோர்மோனா, பெண் கன்று விந்தா

நாம்பனுக்கு விடுவதில் ஒரு நன்மை உண்மையாகவே இருக்கிறது. நேரத்தை அது தவறவிடாது. ஆனால் ஊருக்குப் பொதுவான நாம்பன் எத்தனை மாட்டிடம் போய் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஏறுவதன் மூலம் தொற்றிக் கருவை ஆரம்பத்திலேயே அழிக்கும் நோய்கள் உண்டு, நாம்பன் பார்வைக்கு நல்ல சுகமாகவே இருக்கும். கர்ப்பப்பையில் ஏற்கெனவே அழற்சி இருக்கலாம் என்ற நிலையில் நான் அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கத்துக்கு ஊசி போட நேரத்துக்கு வர யாருமே இல்லை, பரிசோதித்த நல்ல நாம்பன் ஒருவரிடம் இருக்கிறது என்றால் அது வேறு கதை. ‘ஊசி என்றால் நாம்பன் கன்றுதான்’ என்று பயப்பட வேண்டாம். ஊசியிலும் நாம்பனிலும் பாதிக்குப் பாதிதான்.

பெண் கன்று தரும் பிரித்த விந்து இலங்கைக்கும் வந்திருக்கிறது. பத்தில் ஒன்பது பெண் கன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் குழலில் உயிரணுக்கள் மிகக் குறைவு, சினை நிற்பதும் சாதாரண விந்தைவிடக் குறைவு. நல்ல உடம்போடு முதல் தடவை பருவத்துக்கு வரும் நாகுக்கு அது பொருந்தும். உங்கள் மாட்டுக்கு இப்போது வேண்டாம். சோதனைக்குழாய்க் கன்று 1981 இலேயே அமெரிக்காவில் பிறந்துவிட்டது, ஒரு மாட்டின் கருவை இன்னொரு மாட்டில் வைத்துப் பெறும் கருமாற்றுக் கன்று அதற்கும் முந்தி 1951 இல். இரண்டும் உயர்ந்த ரகத் தாயிடமிருந்து நிறையக் கன்று பெறுவதற்கானவை. கருவைச் சுமக்கும் மாட்டுக்கு நல்ல கர்ப்பப்பை வேண்டும் என்பதால், சினை தங்காத மாட்டுக்கு அது மருந்தாகாது.

ஹோர்மோன் விடயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மாட்டுக்குள் கையை விட்டுப் பரிசோதிக்காமல் எவர் ஹோர்மோன் போட வந்தாலும் விட வேண்டாம். நல்ல முறைகள் இருக்கின்றன. 1995 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பத்து நாள் முறையில் முதல் நாள் ஒரு ஊசி, ஏழு நாள் கழித்து வேறொன்று, அதற்கு இரண்டு நாள் பின் மறுபடி முதலாவது, மறுநாள் விந்து. பருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் உங்கள் மாடு தானாகவே 21 நாளுக்கு ஒரு தடவை வருகிறது. இந்த முறை சினை நிற்கும் வாய்ப்பைச் சரியான நேரத்தில் போட்ட ஊசியைவிடக் கூட்டாது, நேரத்தை மட்டும்தான் எளிதாக்கும். நடுவில் போடும் புரொஸ்டகிளாண்டின் சினை மாட்டுக்குப் போனால் கரு கலைந்துவிடும். அது தோலில் பட்டாலே உடம்புக்குள் போகும். பிள்ளைத்தாச்சிகளும் ஈழை வருத்தம் உள்ளவர்களும் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது. மகளை அன்று கொட்டில் பக்கம் வர விடாதீர்கள்.

இனி என்ன செய்வது

அடுத்த பருவம் ஆகஸ்ட் 13 அளவில் வரும். அதற்கு முன்பே உங்கள் பகுதி மாட்டாஸ்பத்திரிக்குப் போய், கொப்பியையும் கொண்டுபோய், அரச மிருக வைத்தியரிடம் இளங்கொடி விடயத்தையும் வெள்ளைத் துகளையும் முதலில் சொல்லுங்கள். அவர் கர்ப்பப்பையையும் சூலகத்தையும் பார்த்து, மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்கட்டும். மருந்து வைத்தால் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கேட்டு, அந்த நாளில் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்காதீர்கள்.

13 ஆம் திகதி வழுவழுப்புத் தெளிவாக இருந்து வைத்தியரும் சரி என்றால் ஊசி போடுங்கள். கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் அன்று விந்து வேண்டாம். அடுத்தது செப்டெம்பர் 3 அளவில் வரும், மாட்டின் உடம்பும் அதற்குள் கொஞ்சம் தேறியிருக்கும். சொல்லப் போனால் எனக்கு அந்தத் திகதியில்தான் நம்பிக்கை அதிகம். ஊசிக்குப் பிறகு 21 ஆம் நாள் கத்தவில்லை என்பதை வைத்துச் சினை என்று முடிவுகட்ட வேண்டாம். 60 நாள் ஆனதும் வைத்தியரைக் கொண்டு கையை விட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதற்கிடையில் மாடு கத்தினால், பருவ அடையாளம் தெளிவாக இல்லாமல் எவரையும் கருவியோடு உள்ளே விடாதீர்கள்.

சுத்தமான கர்ப்பப்பையில், சரியான நேரத்தில் மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால் அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம், அதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் இன்று விற்றால் மலட்டு மாட்டு விலைக்குப் போகும். சினை என்று உறுதியான மாட்டுக்கு வளர்ப்பவர்களே தேடி வருவார்கள்.

கடன் விடயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பர் 3 இல் நின்றால் அடுத்த கன்று வரும் ஜூன் 10 அளவில். அதற்கு இரண்டு மாதம் முந்தி, ஏப்ரல் 10 அளவில் பாலை வற்ற விட வேண்டும், நடுவில் பால் இன்னும் குறையலாம். தவணை கட்ட முடியாத மாதங்கள் வரும். தவறிய பிறகு போகாமல், வைத்தியரின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே கடன் தந்தவர்களிடம் போய், அந்த மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். ஜூன் மாதத்தில் இளங்கொடி 12 மணித்தியாலம் தாண்டியும் விழவில்லை என்றால், நேரம் பார்க்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.